ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர்?

ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், புரொடக்‌ஷன் பிளானிங் என்று எதில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் மாதமே உங்கள் கைக்கு வந்து சேர்வது ஐட்டம் மாஸ்டர். எஸ்.ஏ.பி. மென்பொருளில் அதற்கு மெட்டீரியல் மாஸ்டர் என்று பெயர். டேலியில் ஸ்டாக் ஐட்டம். சின்னப் பட்டறைகளில் அது ஓர் எக்செல் ஷீட்டோடு முடிந்துவிடும். பொருளின் பெயர், கோட், ஹெச்.எஸ்.என். எண், விலை என்று நிரப்பிக்கொண்டே வரும்போது நடுவில் சின்னதாக ஒரு கட்டம் நிற்கும்: அலகு. பலரும் யோசிக்காமல் 'நோஸ்' (எண்ணிக்கை) என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். வருடக் கடைசியில் ரேக்கில் இருப்பதும் கணக்கில் இருப்பதும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஆடிட்டர் கேட்பார். நூல் பிடித்துப் போனால் பல நேரம் இந்தக் கட்டத்தில்தான் போய் நிற்கும்.

இந்தக் கட்டத்தை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவர்கள் எந்தத் தொழிற்சாலையிலும் குறைவு. புதிதாகச் சேர்ந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'அலகு மாற்றம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று ரகம் உண்டு. ஒன்று, எந்தப் பொருளாக இருந்தாலும் மாறாதது. ஓர் அங்குலம் என்றால் 25.4 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு என்றால் 0.45359237 கிலோ. அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னும் நான்கு நாடுகளும் 1959-இல் உட்கார்ந்து பேசி முடித்த கணக்கு இது. தசமத்துக்குப் பின் இத்தனை இலக்கம் இருந்தாலும் இது தோராயம் இல்லை, துல்லியம். இதுபோன்ற எண்கள் சிஸ்டத்தின் பொது அலகுப் பட்டியலில் ஒரே ஒரு முறை இருந்தால் போதும். ஒவ்வொரு ஐட்டத்திலும் யாரோ ஒருவர் 0.45 என்றும் இன்னொருவர் 0.454 என்றும் எழுதிவைத்திருந்தால் அந்த மாஸ்டரில் பெரிய சுத்தப்படுத்தும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது ரகம் பொருளைப் பொறுத்தது. ஒரு டிரம் கேபிள் எத்தனை மீட்டர், ஒரு பெட்டியில் எத்தனை பேரிங், ஒரு லிட்டர் ஆசிட் எத்தனை கிலோ. 98 சதவீத சல்ப்யூரிக் ஆசிட் லிட்டருக்கு 1.84 கிலோ இருக்கும். பேட்டரியில் ஊற்றும் நீர்த்த ஆசிட் 1.25-லிருந்து 1.28 வரைதான். பெயர் ஒன்றுதான் என்று இரண்டையும் ஒரே கோடில் வைத்தால் கணக்கு அன்றோடு போயிற்று. சிவகாசி அச்சகங்களில் காகிதத்தைக் கிலோவில் வாங்கி ரீமில் எடுத்துக் கொடுப்பார்கள். 23 × 36 அங்குலத் தாளில் 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம்) என்றால் 500 தாள் கொண்ட ரீம் சுமார் 16 கிலோ. அதே அளவில் 70 ஜி.எஸ்.எம். வந்தால் அது வேறு எடை, வேறு ஐட்டம். இந்த விகிதங்கள் பொது அலகுப் பட்டியலுக்குப் போகக் கூடாது; அந்தந்த ஐட்டத்தின் கார்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது ரகம் பொருளைக்கூடப் பொறுத்ததில்லை; வந்து இறங்கிய சரக்கைப் பொறுத்தது. லாட்டுக்கு லாட் மாறும். மோசமான சேதமெல்லாம் இதில்தான் நடக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

திருப்பூர் கணக்கு

பின்னலாடையில் துணிக் கணக்கு எல்லாமே கிலோதான். நூல் கிலோவில் வரும், நிட்டிங் கூலி கிலோவுக்கு, டையிங் கிலோவுக்கு, ஒரு டஜன் பனியனுக்கு எவ்வளவு துணி என்பதும் கிலோவில். வோவன் துணியில் பழகிய மெர்ச்சண்டைசர் ஒருவர் வந்து சேரும்போதுதான் சிக்கல் ஆரம்பம். பையர் அனுப்பும் காஸ்டிங் ஷீட்டில் மீட்டர் கேட்டிருப்பார்கள். சரி, மாஸ்டரிலேயே ஒரு விகிதம் போட்டுவிடலாம் என்று முடிவாகும்.

180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, 72 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். 72 அங்குலம் என்பது 1.8288 மீட்டர். அதை 180-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் துணி 329 கிராம். ஒரு கிலோவுக்கு 3.04 மீட்டர். இந்த 3.04-ஐ ஐட்டம் மாஸ்டரில் எழுதியாயிற்று. 500 கிலோ துணி வந்தால் சிஸ்டம் 1,520 மீட்டர் என்று காட்டும்.

பிராசஸிங்கில் ஜி.எஸ்.எம். ஐந்து சதவீதம் முன்னே பின்னே போவது சகஜம். 189 ஆக வந்தால் அதே 500 கிலோ 1,447 மீட்டர். 171 ஆக வந்தால் 1,599. இரண்டு முனைக்கும் இடையில் 150 மீட்டர் வித்தியாசம்; அகலம் ஓர் அங்குலம் குறைந்தால் கணக்கு இன்னும் ஆடும். கட்டிங் மாஸ்டர் ஸ்டோர்ஸ் கவுன்டரில் வந்து நிற்பார். "ஏனுங்க தம்பி, கம்ப்யூட்டர்ல ஆயிரத்து ஐநூத்தி இருபது மீட்டருங்கறீங்க, டேபிள்ல விரிச்சா ஆயிரத்து நானூத்தி அம்பதுதானுங்க வருது. மிச்சத்தை யாரு வெட்டுனது?" யாரும் வெட்டவில்லை. இல்லாத 70 மீட்டரை மாஸ்டரில் உட்கார்ந்திருந்த ஒரு எண் உண்டாக்கியிருக்கிறது.

இதற்கு வழி எளிது. இருப்பு கிலோவில் மட்டும். ரோல் வரும்போது அதன் ஜி.எஸ்.எம்., அகலம், எடை மூன்றையும் அந்த ரோலின் பெயரில் பதிய வேண்டும். மீட்டர் தேவைப்பட்டால் அந்தப் பதிவிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். எஸ்.ஏ.பி.யில் பேட்ச் வாரியாகத் தனி விகிதம் வைத்துக்கொள்ள வசதியே இருக்கிறது. அந்த வசதி இல்லாத சிஸ்டத்தில் ரோல் ரெஜிஸ்டர் போதும். மாஸ்டரில் நிலையான விகிதமாக மட்டும் அதை எழுதாதீர்கள்.

கட்டுமானத்தில் இதே கதை கம்பியில் நடக்கிறது. 12 எம்.எம். முறுக்குக் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ, ஆக டன்னுக்குச் சுமார் 94 கம்பி. இது ஏட்டுக் கணக்கு. ஐ.எஸ். 1786 தரநிலையே இந்த அளவுக் கம்பிக்கு ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. எடை குறைவாக உருட்டிய கம்பி வந்தால் அதே டன்னில் 98 கம்பிவரை இருக்கும். பில் எடை மேடைச் சீட்டின்படி வரும், சைட்டில் எண்ணிக்கைப்படி எடுப்பார்கள். இரண்டையும் ஒரே நிலையான விகிதத்தால் கட்டிப்போட்டால் மாதக் கடைசியில் கம்பி 'கூடியிருக்கும்'. சைட் இன்ஜினியர் சந்தோஷப்படுவார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பஞ்சும் அப்படியே. பேல் என்றால் 170 கிலோ என்று பேச்சுக்குச் சொல்வோம்; எடை போட்டால் ஒவ்வொரு பேலும் ஒவ்வொரு மாதிரி. விலையோ கேண்டிக்கு, அதாவது 784 பவுண்டுக்கு, நம் கணக்கில் 356 கிலோவுக்கு. இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டது 1956-இல். மில் வாசலில் கேண்டி இன்னும் ஓய்வு பெறவில்லை. கேண்டியைக் கிலோவாக்கும் விகிதம் நிலையானது, அதைச் சிஸ்டத்தில் வைக்கலாம். பேலைக் கிலோவாக்கும் விகிதம் அப்படியில்லை.

எண்ணுக்கு அலகு இல்லையென்றால்

செவ்வாய்க்கு அனுப்பிய நாசா விண்கலம் அலகுக் குழப்பத்தால் தொலைந்த கதையைப் பயிற்சி வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். ஸ்டோர்ஸ்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒரு சம்பவம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட வேண்டும். கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அந்தப் புது விமானம் எரிபொருளைக் கிலோவில் கணக்கிடுவது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை என்பதால் அளவுக்கோல் விட்டுப் பார்த்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர். லிட்டரைக் கிலோவாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள்.

1.77 தவறான எண் இல்லை. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை 1.77 பவுண்டு. பழைய விமானங்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் பயன்படுத்தி வந்த எண்தான் அது. இந்த விமானத்துக்கு வேண்டியிருந்தது லிட்டருக்கு 0.8 கிலோ. பெருக்கல், கழித்தல், வகுத்தல் எல்லாம் சரியாகச் செய்து, சுமார் 4,900 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். நிரப்பியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. மானிடோபா மாகாணத்தில் கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் விமானி அதை மிதக்கவிட்டே இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினார்கள்.

உங்கள் மாஸ்டரில் 'கன்வர்ஷன்: 1.77' என்று வெறும் எண்ணாக ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். எந்த விகிதத்தையும் முழு வாக்கியமாக எழுதப் பழகுங்கள்: '1 டிரம் = 500 மீட்டர்', '1 லிட்டர் = 1.84 கிலோ'. இரண்டு பக்கமும் அலகு இருக்க வேண்டும். பெரிய அலகு இடப்பக்கம் வந்தால் தலைகீழாக டைப் செய்யும் தவறும் பாதி ஒழியும். '1 மீட்டர் = 500 டிரம்' என்று வாய்விட்டுப் படிக்கும்போது பக்கத்து சீட்காரரே சிரித்துவிடுவார்.

வகுத்து முடியாத எண்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் மூன்று சீல். இருப்பைப் பாக்கெட்டில் வைத்து, ஒரு சீல் என்றால் 0.33 பாக்கெட் என்று எழுதியிருக்கிறார்கள். 100 பாக்கெட் வாங்கி, 300 சீலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து முடித்தாயிற்று. ரேக் காலி; கணக்கில் ஒரு பாக்கெட் மிச்சம். எஸ்.ஏ.பி. போன்ற சிஸ்டங்கள் விகிதத்தைத் தசமமாகக் கேட்காமல் மேலெண், கீழெண் என்று பின்னமாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். 1/3 என்று கொடுங்கள், வம்பு இல்லை. அதைவிட நல்லது, இருப்பையே சீல் எண்ணிக்கையில் வைப்பது.

அடிப்படை அலகைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதே வழிதான். எஸ்.ஏ.பி.யில் இது பேஸ் யூனிட். சப்ளையர் எதில் விற்கிறார் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரேக் முன்னால் போய் நின்று, இருப்பு எடுக்க வேண்டுமென்றால் இதை எப்படி எண்ணுவேன் என்று யோசியுங்கள். கேபிளை வெட்டிக் கொடுக்கிறீர்கள் என்றால் மீட்டர். டிரம்மாகவே கொடுக்கிறீர்கள் என்றால் டிரம். போல்ட்டைக் கிலோவில் வாங்கினாலும் லைனுக்கு எண்ணித்தான் போகும், ஆகவே நோஸ். வாங்கும் அலகு வேறாக இருக்கட்டும், அதற்குத்தான் மாற்று அலகுகள் இருக்கின்றன. இந்த முடிவை முதல் நாளே எடுக்க வேண்டும். ஒரு முறை சரக்கு ஏறி, பர்ச்சேஸ் ஆர்டர் போய்விட்டால் அடிப்படை அலகை மாற்ற பெரிய சிஸ்டங்கள் சாதாரணமாக விடாது. புதுக் கோட் திறந்து, இருப்பை அதற்கு மாற்றி, பழையதைப் பிளாக் செய்ய வேண்டியிருக்கும். ஒரு எழுத்தைத் திருத்த ஒரு வாரம் ஓடிவிடும்.

கோவைப் பக்கம் பம்ப் கம்பெனிகளில் காஸ்டிங் வாங்குவதைப் பார்த்தால் இன்னொரு நுணுக்கம் புரியும். ஃபவுண்டரிக்கு ஆர்டர் 200 எண்ணம் என்று போகும், விலை கிலோவுக்கு. ஒவ்வொரு வார்ப்பும் எடையில் கொஞ்சம் கொஞ்சம் மாறும். விகிதம் போட்டு எடையைக் கணக்கிட்டால் ஒவ்வொரு பில்லிலும் தகராறுதான். ஆர்டர் அலகு வேறு, விலை அலகு வேறு என்று தனித்தனியாக வைக்க எஸ்.ஏ.பி. பர்ச்சேஸ் ஆர்டரில் இடம் உண்டு. பொருள் உள்ளே வரும்போது எண்ணிக்கை ஒரு கட்டத்திலும், எடை மேடையில் கண்ட எடை இன்னொரு கட்டத்திலும் பதிவாகும். இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொண்ட பர்ச்சேஸ் அசிஸ்டன்டை அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் தலையில் வைத்துக் கொண்டாடும்.

மாற்றவே கூடாதவை

எல்லா அங்குலத்தையும் மில்லிமீட்டராக்கிவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு புதியவர்களுக்கு வரும். பெயரளவு அளவுகளில் கை வைக்காதீர்கள். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் என்பதை 50.8 மி.மீ. என்று மாற்றி எழுதினால், அப்படியொரு பைப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; 'இரண்டு அங்குலம்' என்பது ஓர் அடையாளப் பெயர். அதேபோல் 5/16 அங்குல போல்ட் கணக்குப்படி 7.94 மி.மீ. வரும், எம்8-க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே கோடில் சேர்த்தால் நட்டில் மரை ஏறாது. தகட்டிலும் கம்பியிலும் 'கேஜ்' என்று மட்டும் எழுதுவது இன்னும் ஆபத்து: 18 எஸ்.டபிள்யூ.ஜி. என்பது 1.22 மி.மீ., 18 ஏ.டபிள்யூ.ஜி. என்பது 1.02 மி.மீ. எந்தக் கேஜ் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

எக்செலில் 1/2, 3/4 என்று அளவு டைப் செய்தால் அது உடனே தேதியாக்கிவிடும். ஐட்டம் பட்டியலில் ஏப்ரல் மாதம் எட்டிப் பார்த்தால் அது முக்கால் அங்குல வால்வாக இருக்கும். டைப் செய்வதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே அலகுக்குப் பல பெயர் இருப்பது அடுத்த தொல்லை. நோஸ், பீஸ், ஈச், யூனிட் என்று நான்கு பேர் நான்கு விதமாகப் போட்டுவைத்திருப்பார்கள். சிஸ்டத்துக்கு அவை நான்கும் வெவ்வேறு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மூடுங்கள். செட், ஜோடி இரண்டையும் மட்டும் இதில் சேர்க்காதீர்கள். கையுறையை ஜோடியில் வாங்கி நோஸில் கொடுத்தால் செலவு இரண்டு மடங்காகத் தெரியும். எம்.டி., எம்.டி.ஆர்., எம்.டி.எஸ். போன்ற சுருக்கங்களில் மீட்டர் எது, மெட்ரிக் டன் எது என்று ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கம்பெனிக்கென்று ஒரு பட்டியல் எழுதி ஒட்டிவிடுவது மேல். கடைசியில் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸில் போக வேண்டியது அரசு வகுத்த யூ.க்யூ.சி. குறியீடுதான். உங்கள் அலகு ஒவ்வொன்றும் எந்தக் குறியீட்டோடு இணைகிறது என்பதை வரி பார்ப்பவரோடு உட்கார்ந்து ஒரு முறை முடிவு செய்துகொள்ளுங்கள்.

விலையைப் பார்த்தே தவறைப் பிடிக்கலாம்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாஸ்டரைச் சுத்தம் செய்யச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது? ஆயிரக்கணக்கான ஐட்டத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்க முடியாது. என் சிபாரிசு, ரேட் ஹிஸ்டரி. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கடைசியாக வந்த சில ஜி.ஆர்.என்.களில் (சரக்கு வரவுச் சீட்டுகளில்) ஓர் அலகுக்கு என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரிய விலையைச் சின்ன விலையால் வகுத்துப் பாருங்கள். சந்தை விலை பத்து, இருபது சதவீதம் ஏறும், இறங்கும். அலகுத் தவறு அப்படி வராது. அதற்கென்று கைரேகை உண்டு.

மீட்டர் 85 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்த ஹோஸ் திடீரென 25 ரூபாய் 90 பைசாவுக்கு வந்திருக்கிறது. வகுத்தால் 3.28. சப்ளையர் அடிக்கணக்கில் பில் போட்டிருக்கிறார், ஸ்டோர்ஸில் மீட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். 10.76 வந்தால் சதுர மீட்டருக்கும் சதுர அடிக்கும் குழப்பம். 35.3 வந்தால் கன மீட்டரும் கன அடியும். 2.2 என்றால் பவுண்டு, 12 என்றால் டஜன், 144 என்றால் கிராஸ், 1,000 என்றால் கிலோவும் டன்னும் அல்லது கிராமும் கிலோவும். இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பட்டியலை வடிகட்டினால் சந்தேகத்துக்குரிய ஐட்டங்கள் ஒரு மதியத்தில் மேலே வந்துவிடும்.

பிடித்த பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்து திருத்தாதீர்கள். எழுந்து போய்ப் பொருளைப் பாருங்கள். டேப்பால் அளந்து, தராசில் வைத்து, பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். இரும்பு உருண்டைக் கம்பிக்கு ஒரு குறுக்கு வழி பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 எம்.எம். கம்பிக்கு 625-ஐ 162-ஆல் வகுத்தால் 3.86. இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதிலிருந்து வரும் கணக்கு இது. மாஸ்டரில் வேறு எண் இருந்தால் ஒன்று அது இரும்பாக இருக்காது, இல்லையென்றால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

இந்த வேலைக்குத் தனிப் பட்டம் எதுவும் தேவையில்லை. பி.காம். படித்தவருக்கு விலையும் பில்லும் தெரியும், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவருக்குப் பொருள் தெரியும்; இரண்டில் உங்களிடம் இல்லாததைத் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள். எக்செலில் வி-லுக்கப்பும் பிவட்டும் கைக்கு வர வேண்டும். பெரிய நிறுவனங்களில் மாஸ்டர் டேட்டா என்று இதற்குத் தனிப் பிரிவே உண்டு. அங்கே நேர்முகத் தேர்வுக்குப் போனால், மென்பொருளில் எந்த ஸ்கிரீன் எங்கே இருக்கிறது என்று ஒப்பிப்பதைவிட, துணிக்கும் கேபிளுக்கும் ஏன் ஒரே மாதிரி விகிதம் வைக்க முடியாது என்று விளக்கிச் சொல்பவருக்கு மதிப்பு அதிகம்.

சேர்ந்த பிறகு ஒரு உரிமையைக் கேட்டு வாங்குங்கள். புதுக் கோட் திறப்பதும் அலகு விகிதத்தைத் திருத்துவதும் ஓரிருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். அவசரம், லாரி கேட்டில் நிற்கிறது, கோட் உடனே வேண்டும் என்று போன் வரும். எப்படி வாங்குகிறோம், எப்படி எண்ணுகிறோம், எப்படிக் கொடுக்கிறோம், இந்த மூன்றுக்கும் இடையில் உள்ள விகிதத்தை யார் அளந்து பார்த்தார்கள் என்ற நான்குக்கும் பதில் வரும்வரை கோட் திறக்காதீர்கள். லாரி அரை மணி நேரம் நிற்கட்டும்.